சலிக்காத சுவர்ப்படம்: தேர்வு செய்வதிலிருந்து மாட்டுவது வரை முழுமையான வழிகாட்டி

சுவர்ப்படம் வாங்குவோரில் பெரும்பாலோர் படத்தை முதலில் வாங்கிவிட்டு, அதற்குரிய சுவரைப் பிறகுதான் தேடுகிறார்கள். கடையில் பளிச்சென்று கண்ணைப் பறித்த படம், வீட்டின் அகன்ற சுவரில் தனியாகத் தொங்கும்போது சிறுத்துப்போகிறது. அல்லது ஜன்னலுக்கு நேர் எதிரே இடம்பெற்று, தன் கண்ணாடியில் வெளி வெளிச்சத்தை மட்டுமே காட்டிக்கொண்டிருக்கிறது. சில மாதங்களில் அதை ஏறிட்டுப் பார்ப்பவர் யாரும் இல்லை. படம் சலித்துவிட்டது என்கிறார்கள். உண்மையில் அந்தப் படத்தைச் சரியாகப் பார்க்கும் வாய்ப்பே அவர்களுக்குக் கிடைத்திருக்காது.

ஆகவே இங்கே வரிசை தலைகீழாக இருக்கும். முதலில் சுவர், அடுத்து அளவு, அதன்பின் படம், பிறகு தாளும் சட்டமும், கடைசியில் ஆணி. ஒவ்வொரு படியும் அடுத்த படியின் தேர்வுகளைக் குறைத்துக் கொடுப்பதால், இந்த ஒழுங்கை மாற்றாமல் செல்வது நல்லது.

தொடங்கும் முன் தேவைப்படுபவை

ஓர் அளவு நாடா, பென்சில், பழைய செய்தித்தாள் அல்லது பழுப்புத்தாள், சுவரின் வண்ணத்தைப் பெயர்க்காத மாஸ்கிங் டேப், ரசமட்டம், கைபேசி கேமரா ஆகியவை போதும். துளையிடும் டிரில் கடைசிக் கட்டத்தில்தான் வேண்டியிருக்கும்.

இவற்றைவிட முக்கியமானது கால அவகாசம். முதல் மூன்று படிகளும் ஒன்றும் வாங்காமலேயே நடக்க வேண்டியவை. அவற்றுக்கு ஐந்து ஆறு வாரங்கள் ஒதுக்கிக்கொள்ளுங்கள். விருந்தினர் வருவதற்குள் சுவரை நிரப்பிவிட வேண்டும் என்ற அவசரத்தில் வாங்கப்படும் படங்களே பெரும்பாலும் பிறகு பரணுக்குப் போகின்றன.

1. எந்தச் சுவர் என்பதை முடிவு செய்தல்

வீட்டில் நீங்கள் வழக்கமாக உட்காரும் இடங்களில் உட்கார்ந்து, கண் இயல்பாக எங்கே போய் நிற்கிறது என்று கவனியுங்கள். காலியாக இருக்கும் சுவரும் கண் சென்று நிற்கும் சுவரும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. சோபாவுக்குப் பின்னால் உள்ள சுவரைத்தான் எல்லோரும் முதலில் நினைக்கிறார்கள். ஆனால் அந்தச் சோபாவில் உட்காருபவருக்கு அந்தப் படம் ஒருபோதும் தெரியாது. நாள்தோறும் பார்க்கப்படும் படம் வேண்டுமென்றால் எதிர்ச் சுவரே பொருத்தம்.

அடுத்து, அந்தச் சுவரை எந்த நிலையில் பார்ப்பீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்தா, நின்றா, நடந்துகொண்டேயா? நடைவழியில் படத்தின் மிக அருகில் கடந்து போவோம். அங்கே நுணுக்கமான சிறிய படங்கள் எடுபடும். கூடத்தின் எதிர்ச் சுவரைப் பத்து, பன்னிரண்டு அடி தூரத்திலிருந்து பார்ப்போம். அங்கே நுணுக்கம் மட்டும் போதாது, தூரத்திலிருந்தே புலப்படும் வலுவான அமைப்பு வேண்டும்.

பிறகு மூன்று சோதனைகள். முதலாவது வெயில். காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளைகளிலும் அந்தச் சுவரைக் கைபேசியில் படம் பிடித்து வையுங்கள். சூரியனின் பாதை பருவத்துக்குப் பருவம் மாறுவதால், இன்று வெயில் படாத சுவரில் ஆறு மாதம் கழித்துப் படலாம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஒரு விருந்துக்கூடத்துக்காக மார்க் ராத்கோ தீட்டிய பெரிய ஓவியங்கள் 1964-இல் அங்கே மாட்டப்பட்டன. அகன்ற ஜன்னல்கள் வழியே வந்த வெயிலில் அவற்றிலிருந்த லித்தால் சிவப்பு என்ற நிறமி வெளுத்துப்போக, 1979-இல் அவற்றைக் கழற்றிக் கிடங்கில் வைக்க வேண்டியதாயிற்று. புகழ்பெற்ற ஓவியரின் படைப்புக்கே பதினைந்து ஆண்டுகள்தான் தாக்குப்பிடித்தது என்றால், சாதாரண அச்சுப்படியின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது ஈரம். வெளிப்புறச் சுவரிலும் குளியலறையை ஒட்டிய சுவரிலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்; அடிப்பகுதியில் வண்ணம் உப்பியிருக்கிறதா, வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். அத்தகைய சுவரில் தாளில் அமைந்த எந்தப் படைப்பும் அலையலையாக வளையும். பிறகு பூஞ்சை பிடிக்கும். மூன்றாவது அடுப்பின் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும். இது சமையலறைக்கு மட்டும் உரிய சிக்கலன்று. சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையே சுவர் இல்லாத வீடுகளில் கூடம் வரை பரவும்.

மூன்றிலும் தேறிய ஒரே ஒரு சுவருடன் தொடங்குங்கள். எல்லாச் சுவர்களையும் ஒரே மூச்சில் நிரப்ப முனைவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. வெறுமையாக விடப்பட்ட சுவர் இருந்தால்தான் படம் உள்ள சுவர் தனித்துத் தெரியும்.

2. அளவைத் தாளில் வெட்டிப் பார்த்தல்

பெரிய சுவரில் மிகச் சிறிய படத்தை மாட்டுவதுதான் நான் அடிக்கடி காணும் பிழை. கடையின் உயரமான கூரைக்குக் கீழே பெரிதாகவே தோன்றுவதில்லை என்பதால் பெரிய படங்களை எடுக்கிறவர்களும் உண்டு. எனினும் விலையைப் பார்த்துச் சிறியதை எடுப்பவர்களே மிகுதி. சோபா, மேசை, கட்டில் போன்றவற்றுக்கு மேலே வரும் படத்தின் அகலம் அந்த மரச்சாமானின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு முதல் முக்கால் பங்கு வரை இருந்தால் இரண்டும் ஒரே தொகுதியாகத் தெரியும். 180 செ.மீ. அகலச் சோபாவுக்கு 120 முதல் 135 செ.மீ. அகலம் என்பது ஒரு தொடக்கக் கணக்கு. படத்தின் கீழ் விளிம்புக்கும் சோபாவின் மேல் விளிம்புக்கும் இடையே 15 முதல் 25 செ.மீ. இடைவெளி விடுங்கள், அதற்கு மேல் போனால் படம் அந்தரத்தில் மிதப்பதுபோல் இருக்கும்.

பார்க்கும் தூரமும் அளவைக் கட்டுப்படுத்துகிறது. படத்தின் மூலைவிட்ட நீளத்தைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தூரத்தில் நின்றால் அது முழுதாகக் கண்ணுக்குள் அடங்கும். நடைவழியில் அதிகபட்சம் 90 செ.மீ. விலகி நிற்க முடியும் என்றால், 45 முதல் 60 செ.மீ. மூலைவிட்டம் கொண்ட படத்துக்கு மேல் அங்கே பயனில்லை.

கணக்குப் போட்டதும் செய்தித்தாளை அந்த அளவுக்கு வெட்டி, சுவரில் மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். தாளின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 152 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். அருங்காட்சியகங்கள் பலவும் பின்பற்றும் இந்த உயரம் நிற்பவரின் கண்மட்டத்தை ஒட்டியது. உட்கார்ந்தே பார்க்கும் அறையில் இதைவிடக் கொஞ்சம் தாழ்த்தலாம். படத்தின் மேல் விளிம்பைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவருவது, கதவு நிலையின் உயரத்தோடு சமன்செய்வது ஆகிய இரண்டும் வேண்டாம். முதலாவது படத்தை மிகவும் தாழ்த்தும், இரண்டாவது கழுத்து வலிக்கும் உயரத்துக்கு ஏற்றிவிடும்.

தாள் ஒரு வாரம் அங்கேயே இருக்கட்டும். அகலத்தையும் உயரத்தையும் மாற்றி மாற்றி ஒட்டி, ஒவ்வொரு முறையும் அறையின் வாசலிலிருந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழகிய அறையில் கண் குறைகளைத் தானாகவே சரிக்கட்டிக்கொள்ளும். கைபேசித் திரையில் சிறியதாகப் பார்க்கும்போது கோணலும் விகிதப் பிழையும் உடனே வெளிப்படும்.

பல படங்களைக் கூட்டமாக மாட்டும் எண்ணமிருந்தால், அந்தக் கூட்டம் முழுவதையும் ஒரே படமாகக் கருதி மேற்கண்ட அளவுகளைப் பொருத்துங்கள். படங்களுக்கு இடையே 5 முதல் 8 செ.மீ. வரை சீரான இடைவெளி விடுங்கள். இடைவெளி கூடினால் தொகுதி சிதறிப்போகும். ஆயினும் முதல் முயற்சியாகக் கூட்டு மாட்டலை நான் பரிந்துரைப்பதில்லை. பத்துப் படங்களில் எதுவும் சலிக்காமல் இருக்க, பத்தையும் நன்றாகத் தேர்ந்திருக்க வேண்டும்.

3. படத்தைத் தேர்ந்து, அதனுடன் வாழ்ந்து பார்த்தல்

இப்போதுதான் படத்தைத் தேட வேண்டும். சுவரும் அளவும் தூரமும் தெரிந்திருப்பதால், இணையத்திலும் கண்காட்சிகளிலும் கண்ணில் படும் பெரும்பாலான படங்களை ஒரே பார்வையில் ஒதுக்கிவிடலாம். மீதமுள்ளவற்றில் பிடித்தவற்றையெல்லாம் யோசிக்காமல் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். இரண்டு வாரம் அதைத் திறக்காமல் இருந்துவிட்டு, பிறகு பாருங்கள். ஏன் சேர்த்தோம் என்றே நினைவில்லாத படங்கள் சில இருக்கும், அவற்றை நீக்குங்கள். எஞ்சியவற்றில் ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வரும்: தொலைவில் நீளும் அடிவானம், தனியான ஓர் உருவம், அடர்ந்த கோடுகள், அகன்ற வெற்றிடம் என்று. அதுவே உங்கள் ரசனை. அந்தப் பருவத்தின் நாகரிகம் எது என்று தேடுவதைவிட இது நம்பகமானது.

நெடுநாள் நிற்கும் படத்துக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. தூரத்திலிருந்து ஒன்றைத் தரும். அருகில் போனால் வேறொன்றைத் தரும். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் 1831 வாக்கில் உருவாக்கிய பேரலை மரச்செதுக்கு அச்சை எடுத்துக்கொள்ளுங்கள். அறையின் மறுகோடியிலிருந்து பார்த்தால் நகம் விரித்ததுபோல் சுருண்டு நிற்கும் ஓர் அலை மட்டுமே தெரியும். நெருங்கினால், அலைகளுக்கு நடுவே மூன்று படகுகள், அவற்றில் தலைகுனிந்து ஒட்டிக்கிடக்கும் படகோட்டிகள், அலையின் குழிவில் இன்னோர் அலைபோலவே சிறுத்துத் தெரியும் ஃபூஜி மலை. முதல் பார்வையில் மலையைத் தவறவிட்டவர்கள் ஏராளம். இப்படி இரண்டு தூரங்களில் இரண்டு காட்சி தரும் படம் ஒரே நாளில் தீர்ந்துபோகாது.

அதே படத்தை வைத்தே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கோப்பையிலும் சட்டையிலும் கைபேசி உறையிலும் கண்டு கண்டு பழகிய படைப்பை வீட்டில் மாட்டினால், மாட்டும் நாளிலேயே அது பாதி தேய்ந்திருக்கும். படைப்பு உயர்ந்ததுதான், உங்கள் கண் களைத்திருக்கிறது. அந்தக் கலைஞரின் அதிகம் புழங்காத வேறொரு படைப்பைத் தேடுவது பெரும்பாலும் நல்ல பலன் தரும்.

பட்டியலில் நாலைந்து படங்கள் எஞ்சியதும் அவற்றைப் பின்வரும் சோதனைகளுக்கு உட்படுத்துங்கள்.

கைபேசியில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறம் போன பிறகும் கண்ணுக்கு ஒரு வழி தெரிந்தால், அதன் ஒளி நிழல் அமைப்பு உறுதியானது. எல்லாம் ஒரே சாம்பல் பரப்பாக ஆகிவிட்டால், அந்தப் படம் நிறத்தின் கவர்ச்சியை மட்டுமே நம்பியிருக்கிறது. மாலையில் வெளிச்சம் மங்கும் வேளையில் அது சுவரோடு கரைந்துவிடும்.

பிறகு படத்தை மூடிவிட்டு, அதில் என்ன இருந்தது என்று இன்னொருவருக்கு வாயால் விவரியுங்கள். ஒரே வாக்கியத்தில் முழுமையாகச் சொல்லி முடிக்க முடிந்தால், அதில் பார்ப்பதற்கு இனி அதிகம் மிச்சமில்லை. வாசகங்கள் எழுதிய படங்கள் விரைவில் சலிப்பதும் இதனாலேயே. ஊக்கமூட்டும் வாக்கியத்தை ஒருமுறை வாசித்த மனம் மறுமுறை அதை வாசிப்பதே இல்லை. ஒரு மாதத்தில் அது சுவரின் ஒரு கறைக்குச் சமமாகிவிடுகிறது. எழுத்தின் வடிவமே அழகாக அமைந்த கையெழுத்துக் கலைப்படைப்புகள் இதற்கு விலக்கு. அங்கே கண் சொல்லைப் படிப்பதோடு நின்றுவிடாமல் கோட்டையும் தொடர்கிறது.

கடைசிச் சோதனைதான் எல்லாவற்றிலும் பயனுள்ளது. தேறிய படத்தைச் சாதாரணத் தாளில், கிடைக்கும் பெரிய அளவில் மலிவாக அச்சிட்டு, செய்தித்தாள் மாதிரியின் நடுவில் ஒட்டுங்கள். இரண்டு வாரம் அதைக் கழற்றாதீர்கள். அவசரமாகக் கிளம்பும் காலையிலும், சோர்ந்து வந்து உட்காரும் இரவிலும், வீட்டில் ஒரு சச்சரவு நடந்த பிறகும் அந்தப் படத்தைப் பார்க்க நேரும். கண்காட்சியில் பிடித்த இருண்ட, கலவரமான படம் அப்போதெல்லாம் சுமையாகத் தோன்றலாம். அதற்கு மாறாக, இனிமையாக மட்டுமே இருக்கும் படம் ஐந்தாம் நாளே கண்ணில் படாமல் போகலாம். வீட்டில் உள்ள மற்றவர்களிடம் கருத்துக் கேட்காமல், அவர்கள் தாமாக என்ன சொல்கிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். கேட்டால் மரியாதைக்கு நன்றாக இருக்கிறது என்பார்கள்.

இந்தக் கட்டத்தில் வரும் மற்றொரு தவறு, மெத்தையுறைக்கும் திரைச்சீலைக்கும் பொருத்தமாகப் படத்தின் நிறத்தைத் தேடுவது. உறையும் திரையும் சில ஆண்டுகளில் கிழிந்து மாறப் போகின்றன. அவற்றோடு கட்டுண்ட படம் அன்றோடு அனாதையாகும். படத்தை முதலில் நிறுத்தி, அதில் மிகச் சிறிய பரப்பில் உள்ள ஒரு நிறத்தை எடுத்து அறையில் வேறொரு பொருளில் எதிரொலிக்கச் செய்வது நீடித்த வழி.

4. படத்தைப் பெறும் வழி

நீங்கள் தேர்ந்தது உயிரோடிருக்கும் ஓவியரின் மூல ஓவியம் என்றால், அவரிடமோ அவரது காட்சிக்கூடத்திடமோ வாங்குவது நேரான வழி. பயன்படுத்திய வண்ணங்கள் ஒளியில் நிலைக்குமா என்று தயங்காமல் கேளுங்கள். ஓவியர்களின் வண்ணக்குழாய்களில் ஏ.எஸ்.டி.எம். என்ற தரநிர்ணய அமைப்பின் ஒளித்தாங்கு தரவரிசை அச்சிடப்பட்டிருப்பதுண்டு. அதில் 1 அல்லது 2 என்றால் கவலையில்லை.

மரச்செதுக்கு, உலோகத்தகடு, பட்டுத்திரை ஆகியவற்றிலிருந்து கையால் எடுக்கப்படும் அச்சுகள், மூல ஓவியத்தைவிடக் குறைந்த செலவில் கிடைக்கும் அசல் படைப்புகள். கீழ் விளிம்பில் பென்சிலால் 12/50 என்று எழுதியிருந்தால், மொத்தம் ஐம்பது படிகளில் அது பன்னிரண்டாவது என்று பொருள். கணினி அச்சுப்படிகளுக்கும் இப்படி எண் இடுகிறார்கள். அங்கே எண்ணைவிட மையும் தாளும் என்ன என்பதே முக்கியம்.

காப்புரிமைக் காலம் முடிந்த பழைய ஓவியங்களை நீங்களே அச்சிட்டுக்கொள்ளலாம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-இல் தன் சேகரிப்பில் உள்ள காப்புரிமையற்ற படைப்புகளின் உயர்தரப் படங்களைக் கட்டுப்பாடின்றி இறக்கிக்கொள்ளத் திறந்துவிட்டது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகமும் அவ்வாறே வழங்குகிறது. இணையத்தில் எங்கோ கண்ட படத்தை அச்சிடுவது வேறு விஷயம்; அதற்கு உரியவரின் அனுமதி வேண்டும்.

இறக்குவதற்கு முன் மூலப் படைப்பின் உண்மையான அளவைப் பாருங்கள். மேலே சொன்ன பேரலை அச்சு ஏறத்தாழ 26 × 38 செ.மீ. அளவே உள்ளது, மோனா லிசா 77 × 53 செ.மீ. கையில் பிடித்துப் பார்க்கச் செதுக்கிய மெல்லிய கோட்டை ஆறடிக்கு ஊதினால் அது கயிறுபோல் தடித்துவிடும். மூல அளவைப்போல இருமடங்குக்கு மேல் பெரிதாக்குவதை நான் தவிர்ப்பேன்.

உங்கள் சொந்தப் புகைப்படங்களுக்குக் கணக்கு எளிது. 4000 × 3000 புள்ளிகள் கொண்ட படத்தை, அருகில் நின்று பார்க்கும் தரமான அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட்டால் 34 × 25 செ.மீ. கிடைக்கும், சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் சுவருக்கு 150 புள்ளிகள் போதும் என்பதால் 68 × 51 செ.மீ. வரை போகலாம். வாட்ஸ்அப் போன்ற செய்திச் செயலி வழியாக வந்த படங்கள் வழியிலேயே சுருக்கப்பட்டிருக்கும். எடுத்தவரிடம் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். குடும்பப் படங்களில் எல்லோரும் வரிசையாக நின்று கேமராவைப் பார்ப்பவற்றை ஆல்பத்துக்கு விட்டுவிட்டு, யாரோ ஏதோ ஒரு வேலையில் மூழ்கியிருக்கும் படத்தைச் சுவருக்கு எடுங்கள். நேராக உற்றுப் பார்க்கும் முகத்துடன் ஒரே அறையில் நாள் முழுதும் இருப்பது பலருக்கும் சங்கடமாகிவிடுகிறது.

5. மையும் தாளும்

இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்களின் படங்கள் மூன்று நான்கு ஆண்டுகளில் நீலம் பாரித்துப்போவதைக் காணலாம். சாதாரண அச்சுகளில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுத்து, நீலம் மட்டும் தங்கிவிடுகிறது. வான்கோ 1888-இல் தீட்டிய தம் படுக்கையறையின் சுவர்களை வெளிர் ஊதா என்றே கடிதத்தில் எழுதினார். இன்று அவை நீலமாகத் தெரிகின்றன, ஏனெனில் ஊதாவில் கலந்திருந்த சிவப்பு ஒளியில் மறைந்துபோயிற்று.

அச்சகத்தில் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள். மை நிறமி வகையா, சாய வகையா? நிறமித் துகள்கள் ஒளியைப் பல மடங்கு தாங்கும். சாய மை தொடக்கத்தில் பளபளப்பாக இருந்தாலும் விரைவில் மங்கும். தாள் அமிலமற்றதா? மரக்கூழில் உள்ள லிக்னின் ஒளியும் காற்றும் பட்டுத் தாளைப் பழுப்பாக்குகிறது. அதனால்தான் செய்தித்தாள் வெயிலில் சில நாளிலேயே மஞ்சளாகிறது. பருத்தி இழைத் தாளில் இந்தச் சிக்கல் இல்லை. இரண்டுக்கும் தெளிவான பதில் சொல்லத் தெரியாத அச்சகத்தை விட்டு வேறிடம் போங்கள்.

புகைப்படத்தைக் கான்வாஸ் துணியில் அச்சிடுவதை நான் விரும்புவதில்லை. துணியின் நெசவு நுணுக்கங்களை விழுங்கிவிடுகிறது. அது ஓவியமாகவும் ஆவதில்லை, புகைப்படமாகவும் இருப்பதில்லை. கண்ணாடிப் பிரதிபலிப்பைத் தவிர்க்க வேண்டிய சுவரில் மட்டும் அதைப் பரிசீலிக்கலாம்.

பெரிய அளவில் அச்சிடுவதற்கு முன், படத்தின் ஒரு சிறு பகுதியை அதே தாளில், அதே மையில் மாதிரியாக அச்சிட்டு வாங்கி, வீட்டுச் சுவரில் வைத்துப் பாருங்கள். திரை தானே ஒளிர்வது; தாள் அறையின் ஒளியைத் திருப்பித் தருவது. திரையில் சரியாகத் தெரிந்த படம் தாளில் எப்போதும் ஒரு படி இருட்டாகவே வரும்.

6. சட்டமும் கண்ணாடியும்

சட்டம் படத்துக்குப் பொருந்தினால் போதும். அறையின் மரச்சாமான்களுக்குப் பொருந்த வேண்டியதில்லை. சாமான்கள் மாறும்போதெல்லாம் சட்டத்தை மாற்ற முடியாது. ஐயமிருந்தால் மெல்லிய, வேலைப்பாடற்ற மரச் சட்டத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

தாளில் உள்ள படத்தைச் சுற்றி 5 முதல் 8 செ.மீ. அகல மவுண்ட் அட்டை வைப்பது வெறும் அலங்காரம் அன்று. கண்ணாடியின் உட்புறத்தில் ஈரம் படியும்போது, தொட்டுக்கொண்டிருக்கும் தாள் அதில் ஒட்டிக்கொள்ளும். புகைப்படமாக இருந்தால் பிரிக்கும்போது பரப்பே உரிந்து வரும். மவுண்ட் அட்டை இரண்டுக்கும் நடுவே காற்றிடைவெளி தருகிறது. கீழ்ப்புற அகலத்தை ஒரு செ.மீ. கூட்டிக்கொண்டால், படம் கீழே சரிந்ததுபோன்ற தோற்றம் வராது. அட்டையும் அமிலமற்றதாகவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெட்டிய விளிம்பை ஒட்டிப் படத்தில் பழுப்புக் கோடு விழும்.

பசை டேப்பால் படத்தின் நான்கு பக்கங்களையும் அட்டையில் ஒட்டிவிடுவது சட்டம் போடும் கடைகளில் பரவலாக நடக்கும் தவறு. ஈரப்பதம் ஏறி இறங்கும்போது தாள் விரிந்து சுருங்கும். நான்கு பக்கமும் கட்டுண்டால் நடுவில் உப்பும். மேல் விளிம்பில் மட்டும் இரண்டு சிறிய காகிதக் கீல்களால், மாவுப்பசை கொண்டு தொங்கவிடச் சொல்லுங்கள். மீண்டும் கழற்ற முடியாத எந்த ஒட்டலும் மூலப் படைப்புக்கு வேண்டாம்.

கண்ணாடியா, அக்ரிலிக் தகடா என்ற கேள்விக்கு எடையே விடை சொல்லும். மூன்றடிக்கு மேல் நீளமுள்ள படத்தில் அக்ரிலிக் பாதுகாப்பானது. கண்ணாடிபோல் நொறுங்காது, எடையும் பாதியே. ஆனால் எளிதில் கீறல் விழும். நிலைமின்னூட்டம் உண்டாவதால் கரிக்கோல், பாஸ்டல் படங்களின் பொடியை இழுத்துக்கொள்ளும். அவற்றுக்குக் கண்ணாடியே சரி. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வகை கிடைத்தால் கூடுதல் செலவு செய்வது தகும். எனினும் வெளுப்பைத் தாமதப்படுத்துமேயன்றி முற்றிலும் நிறுத்தாது, ஏனெனில் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நிறத்தைத் தின்கிறது.

7. மாட்டுதல்

பின்புறக் கம்பியின் இரு முனைகளும் சட்டத்தின் மேல் விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு கீழே இருக்கட்டும். கம்பியைத் தந்திபோல் விறைப்பாகக் கட்டாதீர்கள். ஒற்றைக் கொக்கியில் தொங்கும்போது, கிடைமட்டத்துக்கு 30 பாகைச் சாய்வில் உள்ள கம்பியின் ஒவ்வொரு பக்கமும் படத்தின் முழு எடைக்குச் சமமான இழுவிசையைத் தாங்குகிறது. 10 பாகையாகத் தட்டையானால் அது ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. விறைப்பாகக் கட்டிய படங்கள் நள்ளிரவில் விழுவதற்கு இதுவே காரணம்.

கொக்கியின் உயரத்தை இப்படிக் கணக்கிடுங்கள்: நடுப்புள்ளியின் உயரத்தோடு சட்டத்தின் பாதி உயரத்தைக் கூட்டி, கம்பியை நடுவில் மேல்நோக்கி இழுக்கும்போது அதற்கும் மேல் விளிம்புக்கும் உள்ள தூரத்தைக் கழியுங்கள். நடுப்புள்ளி 148 செ.மீ., சட்டத்தின் உயரம் 60 செ.மீ., கம்பி மேல் விளிம்பிலிருந்து 8 செ.மீ. கீழே நிற்கிறது என்றால், 148 + 30 − 8 = 170 செ.மீ. அந்தக் கடைசிக் கழித்தலை மறந்துதான் பலரும் பக்கத்தில் இரண்டாவது துளை போடுகிறார்கள்.

ஒரு கொக்கிக்குப் பதில் ஒரே மட்டத்தில் இரண்டு கொக்கிகள் போட்டால் படம் கோணாது. அப்போது கம்பியை இரண்டு இடங்களில் தூக்கிப் பிடித்தே கழிக்க வேண்டிய தூரத்தை அளக்க வேண்டும். செங்கல், கான்கிரீட் சுவர்களில் டிரில் கொண்டு துளையிட்டு, பிளக் செருகி, திருகாணி முடுக்குங்கள். வெறும் ஆணி பூச்சோடு பெயர்ந்து வரும். ஜிப்சம் பலகைச் சுவருக்கு அதற்கென்றே உள்ள விரியும் பிளக் வேண்டும். சுவிட்சுக்கும் மின்செருகிக்கும் நேர் மேலேயோ, நேர் கீழேயோ, அதே மட்டத்தில் பக்கவாட்டிலோ துளையிடாதீர்கள்; மின்கம்பிகள் பெரும்பாலும் அந்த நேர்கோடுகளில்தான் ஓடும்.

ஒட்டுப்பட்டைகளால் மாட்டுவதானால் உறையில் உள்ள எடை வரம்பை மீறாதீர்கள். புதிதாக வண்ணம் பூசிய சுவரில் குறைந்தது ஒரு வாரம் பொறுங்கள். சுண்ணாம்பு அடித்த சுவரில் அவை பிடிப்பதே இல்லை. சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் சிறிய ரப்பர் வில்லைகளை ஒட்டிவிட்டால், பின்னால் காற்று ஓடும். சுவரில் கறுப்புக் கோடும் விழாது.

8. வெளிச்சம்

படத்துக்கென்று விளக்குப் போடுவதானால், செங்குத்துக் கோட்டிலிருந்து 30 பாகைச் சாய்வில் ஒளி விழும்படி அமையுங்கள். கண்ணாடியில் கண்கூச்சம் தெரியாது. இளமஞ்சள் ஒளி தரும் 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான, நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைக் குறிக்கும் சி.ஆர்.ஐ. மதிப்பு 90-க்கு மேற்பட்ட எல்.இ.டி. விளக்கு நிறங்களைத் திரிக்காது. நீர்வண்ணம் போன்ற தாள் படைப்புகளுக்கு அருங்காட்சியகங்கள் பரப்பில் விழும் ஒளியை 50 லக்ஸ் அளவோடு நிறுத்திக்கொள்கின்றன. வீட்டில் அவ்வளவு மங்கலாக வைக்க இயலாது என்றாலும், யாரும் இல்லாத நேரத்தில் அந்த விளக்கை அணைத்துவிடலாம். ஒளியால் வரும் சேதம் கூடிக்கொண்டே போவது, மீளாதது.

9. கழற்றி மாற்றுதல்

நன்றாகத் தேர்ந்த படமும் ஒரு கட்டத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். அப்போது புதிதாக வாங்காமல், இரண்டு அறைகளின் படங்களை இடம் மாற்றிப் பாருங்கள். அல்லது ஒன்றைச் சில மாதங்கள் உள்ளே எடுத்து வையுங்கள். இதற்காகவே ஒரே அளவுச் சட்டங்களைப் பயன்படுத்துவது வசதி. கொக்கியை நகர்த்த வேண்டியிராது. தாள் படைப்புகளுக்கு இருட்டில் கிடக்கும் அந்த மாதங்கள் ஆயுளையும் கூட்டும்.

எடுத்து வைக்கும்போது நிமிர்த்தியே வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கண்ணாடி அழுந்தி உடையும். கண்ணாடியும் கண்ணாடியும் எதிரெதிராக இருக்க, நடுவே அட்டை செருகுங்கள். பிளாஸ்டிக் உறையில் காற்றுப்புகாமல் கட்டினால் உள்ளே ஈரம் தங்கிவிடும். பழைய பருத்தித் துணி போர்த்தினால் போதும். தரையிலிருந்து சற்று உயர்த்தி, வெளிப்புறச் சுவரில் சாயாமல் வையுங்கள்.

மீண்டும் மாட்டும் முன் கம்பியின் முறுக்கு தளர்ந்திருக்கிறதா, பின்புற வளையங்களின் திருகு ஆடுகிறதா என்று பாருங்கள். கண்ணாடியைத் துடைக்கும் திரவத்தைத் துணியில் தெளித்துத் துடையுங்கள். நேரே கண்ணாடியில் தெளித்தால் அது கீழ் விளிம்பில் வழிந்து சட்டத்துக்குள் இறங்கி, மவுண்ட் அட்டையின் அடிப்புறத்தை நனைத்துவிடும். அந்தக் கறையை நீக்கச் சட்டத்தைப் பிரித்து அட்டையையே மாற்ற வேண்டியிருக்கும்.